மண்ணில்லா விவசாயத்துக்கு நாற்று: ஸ்பாஞ்சா, நார்த்தூளா, பண்ணை நாற்றா?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நிழல்வலைக் கூடாரம் போட்டு, மண்ணுக்குப் பதில் ஊட்டம் கரைத்த நீரைக் கொண்டு பயிர் வளர்க்கும் மண்ணில்லா விவசாயத்தில் இறங்குவோர், குழாய்க்கும் மோட்டாருக்கும் தொட்டிக்கும் நான்கு இடங்களில் விலை கேட்டு, பலமுறை யோசித்தே வாங்குகிறார்கள். நாற்றை எதில் வளர்ப்பது என்ற கேள்வி மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிப்போய், அன்றைக்குக் கைக்குக் கிடைத்த பொருளில் விதை விழுகிறது. லெட்டூஸ் போன்ற கீரை வகைகள் தங்கள் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நாற்றாகவே கழிக்கின்றன. அந்த நாள்களில் வேர் எந்தப் பொருளில் ஓடிப் பழகியதோ, அதே பொருளோடுதான் குழாய்க்குள்ளோ பைக்குள்ளோ போய் உட்காருகிறது. பயிர் வளர்ந்த பிறகு அதை மாற்ற வழியில்லை என்பதால், குழாய் வாங்குவதற்குக் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுத்தாக வேண்டும்.

நம் பகுதியில் இன்று ஒருவர் முன் இருக்கும் வழிகள் நான்கு: ஓர் அங்குல ஸ்பாஞ்ச் கட்டிகளில் விதைப்பது, கோகோபீட் என்று விற்கப்படும் தென்னை நார்த்தூளைச் சிறு குழிகள் கொண்ட குழித்தட்டில் நிரப்பி விதைப்பது, பாறையிழையான ராக்வூல் கட்டிகளை வரவழைப்பது, நாற்றுப்பண்ணையில் வளர்ந்த நாற்றை வாங்கி நடுவது. இவற்றில் எது மலிவு என்று தொடங்குவதைவிட, நாற்று எந்த அமைப்புக்குள் போகப்போகிறது, நம் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்ற இரண்டையும் முதலில் கேட்டுக்கொண்டால் விடை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும் என்பது என் கருத்து.

நார்த்தூளிலிருந்து தொடங்குவது நமக்கு இயல்பு. பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, உடுமலை வட்டாரங்களில் தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் ஆலைகள் நிறைந்திருக்கின்றன. ஒரு காலத்தில் சாலையோரம் குவிந்து கிடந்த தூள், இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு ஐரோப்பாவின் பசுமைக்குடில்கள் வரை ஏற்றுமதியாகிறது. ஐந்து கிலோ கட்டி ஒன்றை நனைத்தால் சுமார் 70 லிட்டர் அளவுக்கு உப்பி வரும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும் அதே வேளையில், துகள்களுக்கிடையே காற்றுக்கும் இடம் வைத்திருப்பதுதான் இதன் பெரிய குணம். ஒரு நாள் தண்ணீர் விடுவது சற்றுத் தாமதமானாலும் நாற்று உடனே துவண்டுவிடாது. நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் இருக்க முடியாத வீடுகளுக்கு இந்த ஒரு குணமே போதுமான காரணம்.

ஆனால் நார்த்தூளை வாங்கியபடியே தட்டில் நிரப்பக் கூடாது. மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் மிகுந்திருக்கும். கழுவாத தூளின் உப்பளவு, அதாவது ஈசி, இளம் வேர் தாங்கும் அளவைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். கழுவியது என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு பங்கு தூளை இரண்டு பங்கு மழைநீரிலோ ஆர்ஓ நீரிலோ ஊறவைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றில் ஈசி மீட்டரை வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் விதைக்கலாம். 1-ஐத் தாண்டினால் இன்னும் கழுவ வேண்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு குறிப்பு உண்டு: நன்றாகக் கழுவிய தூளைப் பிழியும்போது கடைசியாக வடியும் நீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும், கருஞ்சிவப்பாக வடிந்தால் வேலை முடியவில்லை. நிறத்தைக் கொண்டு உப்பைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், மோசமான தூளை ஒதுக்க அது உதவும். இப்படிக் கழுவிய நீரைக் கிணற்றோரம் விடாமல் தென்னம்பாத்திக்குத் திருப்பிவிடுவது நல்லது. தென்னைக்குப் பொட்டாசியமும் வேண்டும், குளோரைடும் வேண்டும்.

கழுவிய பின்னும் ஒரு படி மிச்சமிருக்கிறது. பலரும் விட்டுவிடுவது அதைத்தான். நார்த்தூளின் துகள்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தங்கள்மேல் ஒட்டிவைத்திருக்கும். வெறும் தண்ணீரில் அவை முழுவதும் கழன்று வருவதில்லை. ஊட்டக் கரைசலில் நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் துகள் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. நாற்றுக்குக் கால்சியம் கிடைக்காமல் இளம் இலைகள் சுருங்கியும் ஓரம் கருகியும் போவதைப் பார்த்து நோய் என்று மருந்தடிப்பவர்கள் உண்டு. கால்சியம் நைட்ரேட்டை ஈசி 2 வரும் அளவுக்குக் கரைத்து, அதில் தூளை ஓர் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். இப்படி ஊறவைத்து முடித்த தூளைச் சற்று அதிக விலைக்கு விற்கும் ஆலைகளும் உள்ளன. அந்த விலை வியப்பூட்டினாலும் கொடுக்கத் தகுந்ததே.

98 குழிகள் உள்ள தட்டில் நார்த்தூள் நிரப்பித் தக்காளி, குடைமிளகாய், கத்தரி விதைப்பது நம் பக்கத்து நாற்றுப்பண்ணைகள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி, முளை எட்டிப் பார்க்கும் நாளில் பிரித்துப் பரப்புவார்கள். தக்காளி 25 நாள்களிலும் குடைமிளகாய் 35 முதல் 40 நாள்களிலும் நடவுக்குத் தயாராகும். தயாரா என்று அறிய நாள் கணக்கைவிட வேர்க்கட்டியைப் பார்ப்பதே சரி. தட்டின் அடித்துளையில் விரலால் மெல்ல அழுத்தினால் நாற்று கூம்பு வடிவத்தில் முழுதாக வெளியே வர வேண்டும். தூள் உதிராமல் வெள்ளை வேர்கள் அதைச் சுற்றிப் பின்னியிருக்க வேண்டும். பாதித் தூள் தட்டிலேயே தங்கினால் நாற்று இன்னும் பருவத்துக்கு வரவில்லை. வேர் பழுப்பேறி அடியில் வட்டமாகச் சுருண்டிருந்தால் பருவம் தாண்டிவிட்டது. அந்த நாற்று நட்ட பிறகும் பல நாள் அப்படியே நிற்கும்.

இவ்வளவு நல்ல பொருள் ஓர் இடத்தில் மட்டும் தோற்றுப்போகிறது. சரிவான குழாயில் மெல்லிய படலமாகக் கரைசல் ஓடும் என்எஃப்டி அமைப்புக்குள் உதிரியான நார்த்தூளோடு நாற்றை வைத்தால், துகள்கள் நீரோடு அடித்துச் செல்லப்பட்டுத் தொட்டியில் சேர்ந்து, மோட்டாரின் வடிகட்டியையும் குழாய்களுக்கு நீர் விடும் நுண்குழல்களையும் அடைத்துக்கொள்கின்றன. அடைத்த குழாயில் நீர் நின்றுவிட்டால் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அந்த வரிசை முழுவதும் தலைசாய்ந்துவிடும். அதற்காக வேரை நீரில் அலசித் தூளை நீக்கி வைப்பவர்கள், நீரை உறிஞ்சுகிற நுண்ணிய வேர்த்தூவிகளையும் சேர்த்தே அலசிவிடுகிறார்கள். அந்த நாற்று மீண்டு எழ ஒரு வாரம் வீணாகும். பிசின் கலந்து இறுக்கிய, உதிராத நார்த்தூள் கட்டிகள் சந்தையில் உண்டு. அவை சீராகக் கிடைக்குமானால் குழாய் அமைப்புக்கும் நார்த்தூளே போதும். கிடைக்காத ஊர்களில் குழாய்க்கு வேறு வழியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வேறு வழி ஸ்பாஞ்ச். மெத்தைக்கு ஆகும் அதே வகை நுரைப்பொருளை ஓர் அங்குலக் கட்டிகளாக வெட்டி, நடுவில் கீறல் போட்டு, ஒட்டிய தாளாகவே விற்கிறார்கள். விலை மிகக் குறைவு, தூசி இல்லை, உப்பு இல்லை, வலைத்தொட்டி எனும் துளையிட்ட சிறு கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்காரும், ஒரே நாளில் ஆயிரம் விதை போட்டுவிடலாம். நாற்றைப் பிரிக்கும்போது கட்டியைக் கிழித்தெடுத்தால் போதும். வேரைத் தொடவே வேண்டியதில்லை. லெட்டூஸ், பாக்சாய், பேசில், பாலக் போன்றவற்றைக் குழாயிலோ, கரைசலின் மேல் மிதக்கும் தட்டிலோ வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதையே நாடுவதற்குக் காரணம் இந்த எளிமைதான்.

ஆனால் ஸ்பாஞ்சில் விதைப்பதற்குக் கை பழக வேண்டும். முதலில் தாளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பிழிந்து உள்ளிருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். காற்று தங்கிய இடம் நனையாமலே கிடக்கும். விதையைக் கீறலின் மேல்பகுதியில், கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில் செருக வேண்டும். மேலேயே விட்டுவிட்டால் முளைவேர் உள்ளே இறங்க வழி தெரியாமல் ஸ்பாஞ்சின் முகத்தின் மேலேயே படுத்து ஓடும். முளைத்த மூன்றாம் நாள் பார்த்தால் வித்திலைகள் ஒரு பக்கம் சாய்ந்து, வேர் வெள்ளை நூல் போல வெளியே காய்ந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டதைப் பல்குச்சியால் மெல்லத் தள்ளிக் கீறலுக்குள் இறக்கலாம், ஆனால் முந்நூறு நாற்றுக்கு அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. ஆழமாகத் தள்ளிவிட்டாலும் கேடுதான். லெட்டூஸ் வகைகள் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும்.

ஸ்பாஞ்சுக்கு நீரைத் தாங்கும் குணம் இருக்கிறதே தவிர, ஊட்டத்தைத் தாங்கும் குணம் சிறிதும் இல்லை. கரைசலில் செய்த பிழை அடுத்த நாளே இலையில் தெரியும். நார்த்தூளைப் போல இடையில் நின்று அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளாது. வித்திலை விரியும் வரை வெறும் தண்ணீர், அதன் பின் ஈசி 0.6 முதல் 0.8, அடுத்த இலைகள் இரண்டு வந்ததும் 1 முதல் 1.2 என்று படிப்படியாக ஏற்றுவது இதில் கட்டாயம். மேல்முகம் எப்போதும் நனைந்தே இருந்தால் பச்சைப் பாசி படர்ந்து, அதைத் தேடிச் சிறு ஈக்கள் வரும். தட்டில் அரை அங்குலத்துக்கு மேல் நீர் நிற்காமல், மேல்பகுதி சற்றே உலர்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டால் இரண்டும் குறையும். அறுவடைக்குப் பின் ஒவ்வொரு செடியோடும் ஒரு மக்காத நுரைக்கட்டி குப்பைக்குப் போகிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உதிராத நார்த்தூள் கட்டி நியாயமான விலைக்குக் கிடைத்த அன்றே ஸ்பாஞ்சை விட்டுவிடலாம்.

ராக்வூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எரிமலைப் பாறையை உருக்கி இழையாக நூற்ற பொருள் அது. 1960களின் இறுதியில் டென்மார்க்கில் தோட்டக்கலைக்கு வந்து, இன்று ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் வேரூன்றிவிட்டது. காற்றும் நீரும் அதில் அமையும் அளவு மற்றெல்லாவற்றையும்விடச் சீரானது. காரத்தன்மை உள்ள பொருளாகையால் விதைக்குமுன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5 ஆக்கிய நீரில் ஊறவைக்க வேண்டும். நம் ஊருக்குப் பெரும்பாலும் இறக்குமதியாகவே வருவதால் விலை கூடுதல், தட்டுப்பாடும் உண்டு, மக்கவும் மக்காது. பொள்ளாச்சி பக்கத்திலிருக்கும்போது சாதாரண விவசாயி அதைத் தேடிப்போக நான் ஒரு காரணத்தையும் காணவில்லை.

இப்போது தண்ணீர். சிறுவாணி நீர் வரும் கோவை நகரப் பகுதிகளில் மொட்டைமாடியில் கீரை வளர்ப்பவருக்குக் கவலை குறைவு. அந்த நீரில் உப்பு மிகக் குறைவு, கரைசல் சொன்னபடி கேட்கும். பல்லடம், சூலூர், அவிநாசி பக்கங்களில் ஆயிரம் அடிக்கும் கீழே போன ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருப்பவரின் நிலை வேறு. அந்த நீரில் பெரும்பாலும் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்திருக்கும். ஊட்டம் கலக்கும் முன்பே ஈசி 1.5 காட்டும் கிணறுகள் உண்டு. அமிலம் விட்டு பிஎச்சை 5.8-க்குக் கொண்டுவந்தாலும் இரண்டே நாளில் மீண்டும் 7-ஐத் தாண்டி ஏறும், இரும்புச் சத்து கரையாமல் போகும், நாற்றின் இளம் இலை நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளாகும். இப்படிப்பட்ட நீரில் ஸ்பாஞ்ச் நாற்று வளர்ப்பது மிகக் கடினம். நாற்றுக்குத் தேவைப்படும் நீர் மிகச் சிறிதளவே என்பதால், அதற்கு மட்டுமாவது மழைநீரைச் சேமித்தோ வீட்டு ஆர்ஓ நீரைக் கொண்டோ வளர்ப்பது கைக்கு எட்டும் தீர்வு. அதுவும் முடியாதவர்கள் நார்த்தூளில் வளர்த்து, வளர்ப்புப் பையில் சொட்டுநீரில் நடும் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் போன்ற பயிர்களுக்குப் போவதே அறிவு. நீரிலுள்ள குறையை ஓரளவு தாங்கும் இடம் அதுதான்.

பருவமும் இந்தத் தேர்வில் தலையிடுகிறது. லெட்டூஸ் விதை 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்கள் உறங்கிப்போய் முளைக்கவே மறுக்கும். மாசி பிறந்த பிறகு ஈரோட்டிலும் கரூரிலும் நிழல்வலைக்கடியில் விதைத்துவிட்டு விதை சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை. மாலையில் விதைத்து, முதல் இரண்டு நாள் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைத்து, முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டுவிடும். சிறிய ஸ்பாஞ்ச் தாள்களை இப்படி உள்ளும் வெளியும் தூக்கிச் செல்வது எளிது, நனைந்த குழித்தட்டுகளை அப்படிச் செய்வது சிரமம். கோடைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும், 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறையும். சூடான, காற்றில்லாத நீரில்தான் வேரழுகலும் நாற்றழுகலும் உண்டாக்கும் பித்தியம் என்ற, பூஞ்சணம் போன்ற கிருமி செழிக்கும். கோடையில் தொட்டியை மண்ணில் புதைத்தோ வெள்ளைத் துணியால் சுற்றியோ வைக்காமல் இளம் நாற்றை நீரில் நேரடியாக இறக்குவது ஆபத்து.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை ஓயாமல் அடிக்கும். வெயில் குறைவாகத் தெரிந்தாலும் அந்தக் காற்று நாற்றின் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் நட்டால் மேற்குப் பக்கம் பூச்சித் தடுப்பு வலையை இரட்டையாகக் கட்டி, நடவை மாலை ஐந்து மணிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் காற்றிலும் நார்த்தூள் கட்டியோடு போகும் நாற்று, ஸ்பாஞ்சில் போகும் நாற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

நடும் முறையும் பொருளுக்கேற்ப மாறுகிறது. குழாய் அமைப்பில் ஸ்பாஞ்சின் அடி, ஓடும் படலத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மேலே நனைந்ததாகத் தெரிந்தே கீழே காயும். வேர் குழாயின் அடியில் பரவும் வரை முதல் ஐந்தாறு நாள் நீரோட்டத்தை நிறுத்தாமல் விட வேண்டும். நீர்த்தொட்டியின் மேல் மிதக்காமல் நிலையாகப் பொருத்திய தட்டிலோ இதற்கு மாறாக, வேர் ஓரளவு இறங்கிய பின் வலைத்தொட்டிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்றுவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில் வளரும் வேர்தான் செடிக்கு மூச்சு. வளர்ப்புப் பையில் நடும்போது தக்காளியைச் சற்று ஆழமாக வைக்கலாம், தண்டிலிருந்தும் வேர் விடும். குடைமிளகாயையும் வெள்ளரியையும் தட்டில் இருந்த ஆழத்திலேயே வைக்க வேண்டும். வெள்ளரி வேரைத் தொந்தரவு செய்தால் பொறுக்காது என்பதால் 50 குழிகள் உள்ள தட்டில் விதைத்து, 12 முதல் 15 நாளில், இரண்டாவது இலை வரும்போதே நட்டுவிடுவது சரி.

கடைசியாகப் பண்ணை நாற்று. தக்காளி, குடைமிளகாய், மிளகாய் ஆகியவற்றுக்கு, அதுவும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் நடுபவருக்கு, சொந்த நாற்றங்கால் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். விலையுயர்ந்த கலப்பின விதையை நாமே வாங்கிக் கொடுத்தால் வளர்த்துத் தரும் பண்ணைகள் நம் மாவட்டங்களில் உள்ளன. முளைக்காத விதையின் கவலையும் நாற்றழுகலின் கவலையும் அவர்களோடு போய்விடும். கீரை வகைகளுக்கு இது பொருந்தாது, ஏனெனில் வாரம் தவறாமல் சிறிது சிறிதாக நாற்று வேண்டும், அதற்குள் பண்ணைக்கு அலைய முடியாது.

வாங்கும்போது நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை சில உண்டு. நாற்றங்கால் முழுவதும் பூச்சித் தடுப்பு வலைக்குள் இருக்கிறதா, இரட்டைக் கதவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை ஈ நாற்றுப் பருவத்திலேயே இலைச்சுருட்டு நச்சுயிரியைத் தக்காளிக்குக் கொடுத்துவிட்டால் பின்னால் எந்த மருந்தும் உதவாது. தட்டுகள் தரையில் கிடக்கின்றனவா, மேடையிலா என்பதும் முக்கியம். தரையில் கிடந்த தட்டின் அடியில் மண்ணைத் தொட்ட வேரோடு வாடல் நோய்க் கிருமியும் நம் பைக்குள் வந்து சேரும். மண்ணையோ தொழுவுரத்தையோ நார்த்தூளில் கலந்திருந்தால் மண்ணில்லா அமைப்புக்கு அந்த நாற்று வேண்டாம். அவர்கள் எந்த ஈசியில் நீர் விட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு, முதல் இரண்டு நாள் அதே அளவில் தொடங்கிப் பிறகு ஏற்றலாம். கொண்டுவந்த நாற்றை அன்றே நடாமல், நம் கூடாரத்தின் நிழலான மூலையில் இரண்டு நாள் வைத்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நட வேண்டும். வெள்ளை ஈயும் இலைப்பேனும் ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.